‘மோவிங்’ புல்வெட்டும் இயந்திரத்தோடு பிறந்த சொல் அன்று

காரைக்குடித் தோட்டப் படத்தின் கீழே, புல்லறுப்பதைக் குறிக்கும் ‘மோவிங்’ (mowing) என்னும் ஆங்கிலச் சொல் புல்வெட்டும் இயந்திரம் வந்த பின் பிறந்தது என்றும், தமிழில் அதற்கு நேர்ச்சொல் இல்லை என்றும் நண்பர் எழுதியிருப்பது சரியன்று.

இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் அந்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1830-இல்தான். சொல்லோ, நீண்ட பிடி அரிவாளை வீசிப் புல்லையும் தானியப் பயிரையும் அறுத்த பழைய ஆங்கில உழவர் காலத்தது. இதன் வினையான ‘மோ’ (mow) எழுதப்படும் அதே எழுத்துகளில் ‘மௌ’ என ஒலித்து வைக்கோற்போரைக் குறிக்கும் பெயர்ச்சொல் வேறு வேரினது. துப்பாக்கியால் பலரைச் சாய்ப்பதையும் ‘மோ’ என்னும் வினையால் ஆங்கிலத்தார் குறிப்பர்.

தமிழிலோ ‘அரிதல்’ இருக்கிறது. அரிவாளும், அறுவடைக்குப் பின் வயலில் நிற்கும் அரிதாளும் அதன் வழி வந்தவையே. நம் செட்டிநாட்டுக் கண்மாய்க் கரையில் மாட்டுக்குப் புல்லறுத்துக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வருபவரைப் பார்த்தவர்கள், சொல் இல்லை என்று எப்படிச் சொல்வார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஆனால் ‘செதுக்குதல்’ இதற்கு ஈடாகாது. அது புல்லைத் தரையோடு சுரண்டி எடுப்பது, ‘மோவிங்’ அடித்தாளை விட்டு மேலே அறுப்பது. தோட்டப் புல்வெளிக்குப் ‘புல்லறுத்தல்’ என்றே எழுதலாம்.