கைச்செலவுப் பணம்: தொகையைவிட எல்லைதான் சிக்கல்

ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில், வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கும் மாதாமாதம் கைச்செலவுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று சொல்வதுண்டு. சரிதான், ஆனால் அது பாதிக் கிணறு தாண்டியதுதான். தொகை இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வாடகை, கடன் தவணை, மளிகை, காப்பீடு, சேமிப்பு எல்லாம் போக மிஞ்சுவதில் 20 சதவீதம் என்றால் ஆளுக்குப் 10. சம்பளம் ஏறிய அன்றே அவரவர் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். கேட்டு வாங்குகிற பணம் சொந்தப் பணம் ஆகாது.

எது சொந்தச் செலவு என்று பேசி வைக்காததில்தான் பெரும்பாலும் கெடுகிறது. வீட்டில் இருப்பவரின் பங்கு பிள்ளையின் பென்சில், திடீரென்று தீர்ந்த எண்ணெய் என்று கரைந்துவிடும். சம்பாதிப்பவரின் டீயும், நண்பர்களோடு சாப்பிட்டதும், சக ஊழியருக்கு வாங்கிய பரிசும் ‘ஆபீஸ் செலவு’ என்று பொதுக் கணக்கில் ஏறும். காகிதத்தில் சமம், கையில் ஒருவருக்குத்தான். வீட்டுச் சில்லறைக்கு ஒரு தனி பர்ஸ் வையுங்கள். வேலைக்குப் போய்வரும் பயணம் பொது. அரட்டையோடு போகும் சாப்பாடு சொந்தம். இரு பக்கப் பெற்றோருக்கும் அனுப்புவது இரண்டிலும் சேராது, அதற்குத் தனித் தலைப்பு.

மிச்சம் பிடித்தது பிடித்தவருக்கே. பொதுவில் திருப்பிப் போடச் சொன்னால், மாதக் கடைசியில் வேண்டாததை வாங்கியாவது தீர்ப்பார்கள். கணக்கும் கேட்காதீர்கள். வருமானம் குறைகிற மாதத்தில் இருவர் தொகையும் ஒரே விகிதத்தில் குறையட்டும்; பல வீடுகளில் முதல் வெட்டு சம்பளம் இல்லாதவருக்குத்தான் விழுகிறது.