ஒரு கட்டம் மங்கினாலே கியூஆர் கோடு வீணா?

ஊட்டி சீசன் கடைகளுக்கு டி-ஷர்ட்டிலும் ஏப்ரனிலும் கியூஆர் கோடு அச்சிடுவது பற்றிய இந்த இணைய விவாதத்தில், "துவைத்து ஒரு கட்டம் (கோடில் உள்ள சின்னக் கறுப்பு-வெள்ளைச் சதுரங்களில் ஒன்று) மங்கினாலும் ஸ்கேன் ஆகாது" என்று ஒரு கருத்து சுற்றுகிறது. அப்படி இல்லைங்க.

1994ல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் தொழிற்சாலையில் வாகன உதிரிபாகங்களைக் கண்காணிக்கத்தான் கியூஆர் கோடை உருவாக்கியது. எண்ணெய்க் கறையும் கீறலும் படும் இடம் அது. அதனால் பிழை திருத்தும் தரவும் கோடுக்குள்ளேயே சேர்த்து எழுதப்படுகிறது. இந்தப் பிழை திருத்தத்துக்கு எல், எம், கியூ, எச் என்று நான்கு நிலைகள். முறையே சுமார் 7, 15, 25, 30 சதவீதத் தரவு கெட்டாலும் மீட்டுவிடலாம்.

நீங்களே பார்க்கலாம். கோடு உருவாக்கும்போது எச் நிலையைத் தேர்ந்தெடுத்து, காகிதத்தில் அச்சிட்டு, நடுவில் ஒரு சின்னத் துண்டு ஸ்டிக்கர் ஒட்டி ஸ்கேன் செய்யுங்கள். திறக்கும். அப்புறம் அதே ஸ்டிக்கரை மூலையில் உள்ள பெரிய சதுரத்தின் மேல் ஒட்டிப் பாருங்கள், பெரும்பாலும் திணறும். கேமரா கியூஆர் கோடைக் கண்டுபிடிப்பதே அந்த மூன்று மூலைச் சதுரங்களை வைத்துத்தான்.

எச் நிலையில் கட்டங்கள் கூடி, ஒவ்வொன்றும் சிறியதாகிவிடும் என்பது உண்மை. பின்னல் ஸ்வெட்டரில் அது தொல்லைதான், இழுபடும் துணி வேறு. இணைய முகவரியைச் சுருக்கமாக வைத்து, கியூஆர் கோடைப் பெரிதாக அடித்து, சுற்றிலும் நான்கு கட்ட அகலம் வெற்றிடம் விடச் சொல்லுங்கள்.