ஏஎம்4 போர்ட அவசரப்பட்டு மாத்தாதீங்க

ஏஎம்4 (ஏஎம்டி ப்ராசசர் மாட்டுற பழைய சாக்கெட்) போர்டு வச்சிருக்கவங்க எல்லாரும் நேரா புது சாக்கெட்டான ஏஎம்5 போயிடுங்கன்னு எழுதியிருக்கீங்க சார், எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஏஎம்5-ல இப்ப இருக்கிற டிடிஆர்4 ராம் போட முடியாது, அப்ப போர்டு ராம் ப்ராசசர் மூணுமே புதுசா வாங்கணும், சாதாரண குடும்பத்துக்கு அது பெரிய செலவு. பி350 மாதிரி பழைய ஏஎம்4 போர்டுல ரைசன் 5 1600 ப்ராசசர் ஓடுதுன்னா, போர்டு கம்பெனி சைட்ல சப்போர்ட் லிஸ்ட் பாத்துட்டு பயாஸ் (போர்டோட அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணி ரைசன் 5 5600 போடுங்க, ரெண்டுமே 6 கோர் 65 வாட் தான் ஆனா வேகம் நல்லாவே தெரியும், 1600-க்கு இல்லாத விண்டோஸ் 11 சப்போர்ட்டும் வந்துடும். பழைய ப்ராசசர கழட்டுறதுக்கு முன்னாடியே பயாஸ முடிச்சிடணும், இல்லனா டிஸ்ப்ளே வராம முழிக்கணும்!! கேம் தான் முக்கியம்னா 96 எம்பி எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளயே இருக்கிற வேகமான மெமரி) இருக்கிற, ஏஎம்4-லயே போடுற ரைசன் 7 5700எக்ஸ்3டி நியாயமான விலைல கிடைச்சா விடாதீங்க. வீடியோ ரெண்டரிங் தான் பொழப்புங்கிறவங்களுக்கு மட்டும் நீங்க சொல்றது சரி.