மாவுச்சத்தைக் குறைப்பது சரி, நரம்புக்கு அவசரம் ஆகாது

நீரிழிவு உள்ளவர்கள் மாவுச்சத்தைக் குறைத்து உண்பதை நான் ஆதரிக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் கீழே எழுதப்போவதில் பெரும்பகுதி அந்த உணவுமுறையைப் பரப்புகிறவர்கள் சொல்லாமல் விடுவதைப் பற்றியது, அதை எதிர்ப்புப் பதிவாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 'மாவுச்சத்தை நிறுத்துங்கள், சர்க்கரை இறங்கும், கால் எரிச்சல் தானாகப் போய்விடும்' என்று ஒரே மூச்சில் சொல்லப்படுகிறது. சர்க்கரை இறங்கும் என்பதற்கு இருக்கும் உறுதி, நீரிழிவால் நரம்பு கெட்டு வரும் கால் எரிச்சல் போய்விடும் என்பதற்குக் கிடையாது.

சர்க்கரை இறங்குவதில் எனக்கு ஐயமில்லை. உண்ணும் உணவில் இரத்தச் சர்க்கரையை நேரடியாகவும் விரைவாகவும் ஏற்றுவது மாவுச்சத்துதான். இது இன்றைய கண்டுபிடிப்பும் அல்ல. ஜான் ரோலோ என்ற இராணுவ மருத்துவர் 1797-லேயே நீரிழிவு நோயாளிக்குத் தானியத்தை விலக்கி இறைச்சி உணவு கொடுத்துப் பதிவு செய்திருக்கிறார். 1922-இல் இன்சுலின் சிகிச்சைக்கு வரும் வரை, உணவைக் கட்டுப்படுத்துவதைத் தவிர மருத்துவர்கள் கையில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2019-இல் வெளியிட்ட உணவு குறித்த அறிக்கை, மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைப்பதற்கே சர்க்கரைக் கட்டுப்பாட்டில் மிக அதிகமான சான்று இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் குறைவாக மாவுச்சத்து உண்டவர்களை வைத்து நடந்த 23 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஆறு மாத முடிவில், ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை விழுக்காட்டில் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவு 6.5-க்குக் கீழே வந்தவர்கள் இந்த உணவுமுறையில் நூற்றுக்கு 57 பேர், மற்ற உணவுமுறைகளில் 31 பேர். அந்த 57 பேரில் மருந்து எடுத்தபடியே அளவை எட்டியவர்களும் அடக்கம். ஓராண்டு ஆனபோது இரு தரப்புக்கும் இடையிலான வித்தியாசம் வெகுவாகச் சுருங்கியும் விட்டது. வெற்றிக்கதைகளில் முதல் பாதி மட்டுமே வருகிறது.

இனி நரம்புக்கு வருவோம். தசையும் கொழுப்புத் திசுவும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ள இன்சுலினை எதிர்பார்க்கின்றன. நரம்பு அப்படி எதிர்பார்ப்பதில்லை. இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் நரம்புக்குள்ளும் ஏறிவிடும். அங்கே அது சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாறித் தங்குகிறது, புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெடுக்கிறது, நரம்புக்கே உணவு கொண்டுசெல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் சிதைக்கிறது. மிக நீளமான நரம்புகள்தான் முதலில் அடிபடும் என்பதால் கால் விரல் நுனியில் மதமதப்பு தொடங்கி, மெல்ல மேலேறி, பிறகே கை விரல்களுக்கு வருகிறது. ஆரோக்கியமான உடலில் அறுபட்ட நரம்பே ஒரு நாளில் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பல ஆண்டுகளில் கெட்டது சில வாரங்களில் சீராகிவிடும் என்ற வாக்குறுதியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது புரிந்துவிடும்.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் நரம்பு பிழைக்கும் என்பதற்கு வலுவான சான்று, உடலில் இன்சுலின் சுரப்பே நின்றுபோகும் முதல் வகை நீரிழிவில் இருக்கிறது. 1993-இல் வெளிவந்த டிசிசிடி என்ற பெரிய ஆய்வில், தீவிரக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு நரம்புப் பாதிப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்தது. பெரும்பாலானோருக்கு வரும் இரண்டாம் வகையிலோ பலன் இவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை. 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு செய்த தொகுப்பாய்வும் இதையே சொன்னது. இரண்டாம் வகையில் உடல் எடை, டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாம் சேர்ந்து நரம்பைப் பதம் பார்ப்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு செய்தி சிலருக்குக் கசக்கும். நீரிழிவு நரம்பு வலியையே இலக்காக வைத்து உணவைச் சோதித்த சிறிய ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. அதில் வலி குறைந்தது, ஆனால் கொடுக்கப்பட்டது கொழுப்பு குறைந்த தாவர உணவு. மாவுச்சத்து தாராளமாக உள்ள உணவு அது! அவர்களுக்கு எடையும் குறைந்திருந்தது. சிறிய ஆய்வை வைத்துப் பெரிய முடிவுக்கு வர நான் தயாரில்லை. ஆனால் 'மாவுச்சத்து ஒன்றே எதிரி' என்று முழங்குகிறவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

இந்தப் பதிவை எழுதத் தூண்டியது வேறொன்று. நெடுங்காலம் உயர்ந்திருந்த சர்க்கரையை மிக வேகமாக இறக்கினால், அந்த இறக்கமே நரம்பில் கடும் வலியைக் கிளப்பிவிடக்கூடும். 1933-இலேயே காரவாட்டி என்ற மருத்துவர் இன்சுலின் தொடங்கிய நோயாளி ஒருவரிடம் இதைக் கண்டு எழுதினார். நெடுநாள் அது இன்சுலினின் குற்றமாகவே கருதப்பட்டது; மாத்திரையாலோ கடுமையான உணவுக் கட்டுப்பாட்டாலோ வேகமாக இறங்கினாலும் இப்படி நேரலாம் என்பது பிறகு தெரிய வந்தது. கிப்பன்ஸ், ஃப்ரீமன் என்ற இரு நரம்பியல் மருத்துவர்கள் 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி, மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி இரண்டு முதல் மூன்று புள்ளிகள் இறங்கியவர்களில் இந்த வலி வரும் வாய்ப்பு 20 விழுக்காடு. நான்கு புள்ளிகளுக்கு மேல் இறங்கியவர்களில் 80 விழுக்காட்டையும் தாண்டியது. இது நரம்புச் சிக்கலுக்காகச் சிறப்பு மருத்துவரை நாடி வந்தவர்களின் கணக்கு என்பதால் எல்லோருக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது. சர்க்கரை இறங்கத் தொடங்கிய எட்டு வாரங்களுக்குள் தீயாய் எரிச்சல், போர்வை பட்டாலே தாங்க முடியாத வலி, எழுந்து நின்றால் மயக்கம் என்று வரும்; பெரும்பாலானோருக்கு ஓரிரு ஆண்டுகளில் படிப்படியாகத் தணியும். வேகமாக இறங்கும்போது கண்ணின் விழித்திரைப் பாதிப்பும் தற்காலிகமாகக் கூடலாம் என்பது டிசிசிடி ஆய்விலேயே பதிவானது.

ஹெச்பிஏ1சி பன்னிரண்டில் இருக்கும் ஒருவரிடம் 'நாளை முதல் மாவுச்சத்து இருபது கிராம்தான்' என்று சொல்லி, மூன்று மாதத்தில் ஆறுக்குக் கொண்டுவந்ததைக் கொண்டாடும் பதிவுகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மனிதரின் பாதங்களையும் கண்களையும் நினைத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்டவர் மாவுச்சத்தைப் படிப்படியாகக் குறைத்து, மூன்று மாதத்துக்கு இரண்டு புள்ளிகளுக்குள் இறங்கும்படி மருத்துவரோடு சேர்ந்து திட்டமிடுவதே முறை. தொடங்கும் முன் விழித்திரைப் பரிசோதனையும் முடித்திருக்க வேண்டும். ஏழரையில் இருப்பவருக்கு இந்தக் கவலை பெரும்பாலும் தேவைப்படாது.

மருந்து விஷயத்தில் சுற்றி வளைக்க எதுவும் இல்லை. இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர், அளவை மாற்றாமல் மாவுச்சத்தை மட்டும் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழும். இதயத் துடிப்பு, வியர்வை போன்றவற்றைத் தானாக இயக்கும் தன்னியக்க நரம்புகள் கெட்டவர்களுக்குப் படபடப்பு, வியர்வை போன்ற எச்சரிக்கைகளே தோன்றாமல் போகலாம். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் எடுப்பவருக்குச் சர்க்கரை அவ்வளவாக ஏறாமலேயே கீட்டோஅசிடோசிஸ் (இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்தான நிலை) வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் எச்சரித்தது. மாவுச்சத்தை அறவே விலக்குவது அந்த ஆபத்தைக் கூட்டுகிறது. இரைப்பையின் நரம்புகள் பாதிக்கப்பட்டு, உண்டது மணிக்கணக்கில் வயிற்றிலேயே தங்குகிறவர்களுக்குக் கொழுப்பு மிகுந்த உணவு நிலைமையை இன்னும் மோசமாக்கும். மாவுச்சத்துக்குப் பதிலாகக் கொழுப்பைக் கூட்டச் சொல்லும் முறை அவர்களுக்கு எப்படிப் பொருந்தும் என்ற கேள்வியை எழுப்புவோரையே காணோம்.

மருத்துவர்கள் தரப்பிலும் குறை உண்டு. 'எல்லாம் அளவாகச் சாப்பிடுங்கள்' என்ற ஒற்றை வரியோடு நோயாளியை அனுப்பிவிட்டு, அவர் இணையத்தில் வழி தேடினால் கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையைப் பல ஆண்டுகள் எடுப்பவருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும், அந்தக் குறைவே கால் மரத்துப்போவதற்குக் காரணமாகலாம் என்பது நன்கு தெரிந்த செய்தி. ஆனாலும் பி12 அளவைப் பார்க்காமலேயே நீரிழிவு நரம்புப் பாதிப்பு என்று முடிவு கட்டி, நரம்பு வலி மருந்தான பிரிகாபலினின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது நடக்கிறது. எந்த உணவுமுறையும் தீர்க்காத எரிச்சலைச் சிலருக்குப் பி12 ஊசி தீர்த்துவிடும்.

கடைசியாக, 'இப்போது எரிச்சலே இல்லை' என்ற வரியைப் பற்றி. எரிச்சல் நிற்பதற்கு நரம்பு தேறியது காரணமாக இருக்கலாம். நரம்பு முற்றிலும் உணர்விழந்ததும் காரணமாக இருக்கலாம். இரண்டையும் உள்ளிருந்து உணர்ந்து பிரித்தறிய முடியாது. பத்து கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் வைத்தும், அதிரும் இசைக்கவையைக் கால் கட்டைவிரலில் வைத்தும் பார்க்கும் எளிய சோதனையில் தெரிந்துவிடும். உணவை மாற்றிப் பலன் கண்டதாக எழுதுகிறவர்கள் தொடங்கியபோது இருந்த ஹெச்பிஏ1சி, இறங்க எடுத்துக்கொண்ட காலம், மாற்றிய மருந்துகள், பி12 அளவு ஆகியவற்றோடு இந்தப் பாதச் சோதனையின் முன்பின் முடிவுகளையும் சேர்த்து எழுதினால், அதைப் படித்துவிட்டு உணவை மாற்ற நினைப்பவருக்கு உண்மையிலேயே உதவியாக இருக்கும்.