வெளியான படத்தின் மேல் கத்திரி வைக்காதீர்கள்

ஒரு படம் தியேட்டருக்கு வந்த சில நாளிலேயே அதிலிருந்து 18 நிமிடத்தை வெட்டி எடுத்ததை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. 2024 செப்டம்பர் 27 அன்று வெளியான ‘மெய்யழகன்’ பற்றித்தான் சொல்கிறேன். கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். முதல் இரண்டு நாளிலேயே “லேக்”, “பேசிக்கிட்டே இருக்காங்க”, “செகண்ட் ஹாஃப் இழுவை” என்று பதிவுகள் குவிந்தன. படக்குழு பயந்துவிட்டது. அடுத்த வாரம் தியேட்டருக்குப் போனவர்கள் பார்த்தது வேறொரு படம்.

அதில் அந்தக் கல்யாண மேடைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். சொத்துத் தகராறில் வீட்டை இழந்து, ஊரை விட்டே போன அருள்மொழி, இருபது வருடம் கழித்துத் தங்கை முறையுள்ள புவனாவின் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். யார் கண்ணிலும் படாமல் பரிசைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய திட்டம். ஆனால் அவள் விடவில்லை. மேடையிலேயே பெட்டியைப் பிரிக்கிறாள். உள்ளே இருக்கும் நகைகளை அண்ணன் கையாலேயே போட்டுவிடச் சொல்கிறாள். கீழே வரிசையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், அவள் கண்டுகொள்ளவே இல்லை. அவர் குனிந்து அவள் காலில் கொலுசு மாட்டுகிறார். கதையை நகர்த்தும் காட்சிதானா என்று கேட்டால், கதைச் சுருக்கத்தில் இதற்கு ஒரு வரிகூடக் கிடைக்காது. ஆனால் அரவிந்த்சாமியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதைப் பார்த்த யாரும் இதை மறக்க மாட்டார்கள். இந்த இளக்கத்துக்கு நேரம் வேண்டும். இரண்டு ஷாட்டில் முடித்திருந்தால் அங்கே நகை மட்டும்தான் தெரிந்திருக்கும்.

படம் முழுக்கவே அப்படித்தான். தன்னை இவ்வளவு அன்பாகக் கவனித்துக்கொள்ளும் ஒருவனின் பெயர் அருள்மொழிக்குத் தெரியவில்லை, கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சம் ஒரு ராத்திரி முழுக்க ஏறிக்கொண்டே போக வேண்டும். பார்க்கிற நமக்கும் அந்த ராத்திரி நீளமாக இருந்தால்தான் பெயர் தெரியவரும் இடத்தில் தொண்டை அடைக்கும். அந்த ராத்திரியில் வருகிற சில பேச்சுகள் எனக்கும் அதிகமாகத்தான் பட்டன, மறைக்கவில்லை. அதற்காக அதை வெட்டிவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. இயக்குநர் பிரேம்குமார் அப்படித்தான் எடுத்திருக்கிறார், நான் அதைப் பார்த்து என் கருத்தைச் சொல்கிறேன். அங்கே முடிந்தது என் வேலை.

அப்புறம், இப்படி வெட்டி எந்தப் படமாவது பிழைத்திருக்கிறதா? அதே வருடம் ஜூலையில் வந்த ‘இந்தியன் 2’-இல் சுமார் 12 நிமிடத்தைக் குறைத்தார்கள். நவம்பரில் வந்த ‘கங்குவா’விலும் அதே கதை, சுமார் 12 நிமிடம். இரண்டு படங்களைப் பற்றியும் பேச்சு மாறவே இல்லை. மாறவும் முடியாது. கங்குவாவுக்குப் போனவர்கள் முதலில் சொன்னது சத்தத்தைத்தான். ஆஸ்கர் வாங்கிய ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியே அந்த இரைச்சலைப் பற்றி வருத்தப்பட்டு எழுதினார். தியேட்டர்களில் சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொன்னதாகத் தயாரிப்பாளர் விளக்கம் கொடுத்தார். காது வலிக்கிறது என்பவனுக்கு 12 நிமிடம் குறைவாக வலித்தால் போதுமா? பிடிக்காதவன் திரும்ப வந்து பார்க்கப் போவதில்லை. பிடித்திருக்கக்கூடியவனுக்கோ குறைந்த படம் கிடைக்கிறது.

நீளம்தான் பிரச்சினை என்றால், அதே வருடம் டிசம்பரில் வந்த ‘புஷ்பா 2’ 3 மணி 20 நிமிடம் ஓடியதே! ஜனவரியில் இன்னும் 20 நிமிடம் சேர்த்துத் திரையிட்டார்கள். ரசிகர்கள் மறுபடியும் போய் உட்கார்ந்தார்கள். இன்னொரு பக்கம் ‘கொட்டுக்காளி’. இரண்டு மணி நேரம்கூட இல்லை. அதையும் “ரொம்ப ஸ்லோ” என்றுதான் எழுதினார்கள். பின்னணி இசை கிடையாது. ஆட்டோவும் பைக்குகளும் போகும் சத்தம்தான். சாமியாரிடம் கூட்டிப் போகப்படும் மீனா ஒன்றுமே பேசாமல் வருகிறாள். வழியில் ஒரு காளை நடு ரோட்டில் நின்றுவிடுகிறது. அவ்வளவு நேரம் வீராப்பாக வந்த ஆண்கள் யாருக்கும் பக்கத்தில் போகத் தைரியம் இல்லை. ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாகக் கூட்டிப் போய்விடுகிறாள். இயக்குநர் வினோத்ராஜ் இதற்கு விளக்கமும் வைக்கவில்லை, இசையும் போடவில்லை. நாம் அதைக் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்பது.

கவனித்து எழுதும் ரசிகர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களால் நடந்த நல்லதைச் சொல்லாமல் விட முடியாது. மெய்யழகனுக்கு ஒரு வாரம் முன்னால் வந்த ‘லப்பர் பந்து’வுக்குப் பெரிய நட்சத்திரம் கிடையாது. ஆனால் முதல் நாளே பார்த்தவர்கள் காட்சி காட்சியாக எழுத ஆரம்பித்தார்கள். 1989-இல் வந்த ‘பொன்மனச் செல்வன்’ பாட்டு ஒலிக்கும்போது தினேஷ் கிரிக்கெட் மட்டையோடு இறங்குவதை, தியேட்டரே சேர்ந்து பாடியதை, கணவன் கிரிக்கெட்டைக் கட்டிக்கொண்டு அழும்போது ஸ்வாசிகா ஒரு பார்வையிலேயே அவரை அடக்குவதை எழுதினார்கள். அதைப் படித்துப் போனவர்கள் இன்னும் நாலு பேரைக் கூட்டிப் போனார்கள். 2025 மே 1 அன்று சூர்யாவின் ‘ரெட்ரோ’ வந்த அதே நாளில் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ வந்தது. இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு அது முதல் படம். அதையும் இப்படித்தான் தூக்கி நிறுத்தினார்கள். அடுத்தடுத்த வீட்டில் இருந்தும் முகம் பார்க்காதவர்கள் ஒரு மூதாட்டி இறந்தபோது ஒன்றாகக் கூடும் காட்சியைப் பற்றி அத்தனை பேர் எழுதினார்கள். படத்துக்கு அதைவிட நல்ல விளம்பரம் யாரால் செய்ய முடியும்?

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. முன்பு சில தியேட்டர்களில் மட்டும் போட்டு நூறு நாள் ஓட்டுவார்கள். மெதுவாகப் பேச்சு பரவ அவகாசம் இருந்தது. இப்போது ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் போடுகிறார்கள், நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகிறது. வெள்ளி, சனி, ஞாயிறில் வந்தால்தான் வசூல். அந்த மூன்று நாளில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் தயாரிப்பாளரின் நெஞ்சில் இடிக்கிறது. அதனால்தான் முதல் மூன்று நாள் யாரும் விமர்சனம் போடக் கூடாது என்று தயாரிப்பாளர் சங்கம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2024 டிசம்பரில் நீதிமன்றம் அப்படித் தடை விதிக்க மறுத்தது. சரியான முடிவு. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவனை வாயை மூடு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நல்லா இல்லை என்றால் நல்லா இல்லை என்று எழுதுவோம், இடைவேளையிலேயே எழுதுபவரையும் தடுக்க முடியாது. ஆனால் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு எடிட்டிங் அறைக்கு ஓட வேண்டிய அவசியம் எந்த இயக்குநருக்கும் இல்லை. இரண்டு வருடம் உழைத்து எடுத்த முடிவை இரண்டு நாள் ட்ரெண்ட் பார்த்து மாற்றினால், அடுத்த படத்தில் அந்தக் கொலுசுக் காட்சியை எழுதும்போதே கை நடுங்கும்.

2010-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்தபோது என்னவெல்லாம் பேசினோம்! புரியவில்லை என்றோம், பிற்பாதியைக் கிண்டல் செய்தோம். பிறகு அதே படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடினோம். இரண்டாம் பாகம் எப்போது என்று செல்வராகவனை விடாமல் கேட்டோம். அவரும் 2021 புத்தாண்டில் அறிவித்தார். 2024-இல் வரும் என்றார்கள், அந்த வருடமும் போய்விட்டது. படம் நம்மிடம் வந்து சேர இத்தனை வருடம் ஆகலாம் என்பது நமக்கே நடந்திருக்கிறது.

மெய்யழகனும் ஓடிடிக்கு வந்த பிறகுதான் ஊர் ஊராக, வீடு வீடாகப் பேசப்பட்டது. சொந்தக்காரர்களுக்கு நீண்ட நாள் கழித்து போன் செய்தேன் என்று எழுதியவர்களைப் பார்த்தேன். பழைய படங்களை மறுபடி திரையிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது, ‘கில்லி’க்கு வந்த கூட்டத்தைப் பார்த்தோமே. படக்குழுவுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். புஷ்பாவுக்குச் சேர்த்த மாதிரி, வெட்டிய அந்த 18 நிமிடத்தையும் சேர்த்து மெய்யழகனை ஒரு வாரம் தியேட்டரில் போடுங்கள். முதல் காட்சிக்கே டிக்கெட் எடுக்க நான் தயார். இதைப் படிக்கும் உங்களில் யாரெல்லாம் வருவீர்கள் என்று கீழே சொல்லுங்கள், அவர்கள் கண்ணில் படட்டும்.