விழப்போகிற பல்லுக்கு 300 வெள்ளியா?

என் மாமனார் 40 வருடம் லாரி இன்ஜினை இறக்கி ஏற்றியவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் இதைப் பழுது பார்ப்பது லாபமா, கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டுவது லாபமா என்றுதான் அவர் புத்தி போகும், அது ஃபேனாக இருந்தாலும் சரி, பேத்தியின் பல்லாக இருந்தாலும் சரி. போன சனிக்கிழமை மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங் பக்கம் ஒரு பல் கிளினிக்கில் நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம். என் மகளின் சொத்தைப் பல்லுக்கு 300 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். என் கணவருக்கு அவசர வேலை வந்துவிட்டது. (பல் டாக்டர் என்று சொன்னாலே அவருக்கு அவசர வேலை வந்துவிடும்.) எங்கள் எண் 17, திரையில் ஓடுவது 9. ஆறு வயது பாப்பா மூலையில் ஒரு பிளாஸ்டிக் முதலையின் பல்லை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மாமா: ஏம்மா, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இது பால்பல்தானே?

நான்: ஆமாம் மாமா.

மாமா: தானாகவே விழுந்துவிடும்தானே?

நான்: விழும்.

மாமா: அப்புறம் என்ன? பழைய இரும்புக் கடைக்குப் போகிற வண்டிக்கு எவனாவது 300 வெள்ளி கொடுத்துப் பெயிண்ட் அடிப்பானா?

நான்: எப்போது விழும் என்று கேளுங்கள். ஆறு ஏழு வயதில் விழுவது முன்பல். இது கடைவாய்ப்பல் மாமா, பத்து பன்னிரண்டு வயது வரைக்கும் இருக்க வேண்டியது. இன்னும் நாலைந்து தீபாவளிக்கு அவள் இதை வைத்துத்தான் முறுக்கு கடிக்க வேண்டும்.

மாமா: ஓ. ரோட் டாக்ஸ் இன்னும் முடியாத வண்டி என்கிறாய்.

நான்: அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா: சரி, பிடுங்கிவிட்டால்? ஒரே செலவு, ஒரே அழுகை, வீட்டுக்குப் போகலாம்.

நான்: மாமா, நம் வீட்டு வாசலில் ரோட்டு ஓரமாக ஒரு சிவப்பு நாற்காலி கிடக்கிறதே, அதை யார் போட்டது?

மாமா: நான்தான். போடாவிட்டால் அந்த எதிர்வீட்டுக்காரன் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவானே! போன மாதம் நாற்காலியைக் கழுவ உள்ளே எடுத்தேன், பத்து நிமிடம் இருக்காது, பாதி வண்டியை நம் வாசலில் விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டான். உன் அத்தை மார்க்கெட் பையைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடியிலிருந்து நடந்து வந்தாள்.

நான்: அந்த நாற்காலிதான் மாமா பால்பல். அடியில் நிரந்தரப் பல் வந்துகொண்டிருக்கிறது, வந்து சேர வருடக் கணக்காகும். அதுவரைக்கும் இடம் பிடித்து வைப்பது இதன் வேலை. முன்கூட்டியே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து வந்து அந்த இடத்தில் நின்றுகொள்ளும். அப்புறம் அடியிலிருந்து வருகிற பல்லுக்கு இடம் இல்லாமல் கோணல்மாணலாக முளைக்கும், இல்லாவிட்டால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

மாமா: (உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது) அடுத்தவன் இடம் என்று தெரியாதா அதற்கு?

நான்: அதனால்தான் பிடுங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், பக்கத்துப் பல்லில் ஒரு வளையம் மாட்டி, அதிலிருந்து கம்பியை வளைத்து அந்த இடைவெளியில் வைப்பார்கள். ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்று பெயர்.

மாமா: நாற்காலி போனால் கோன் வைக்கிறான். கெட்டிக்காரன்தான்.

திரையில் 11. அடுத்த அறையிலிருந்து ஒரு பையன் கத்தினான். மாமா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

மாமா: எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது? பல்லில் பூச்சி என்றால் எங்கள் பாட்டி கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு வாயைத் திறந்து புகையைப் பிடிக்கச் சொல்லுவாள். பூச்சி பொத்தென்று கீழே விழும்.

நான்: விழுந்ததைப் பார்த்தீர்களா?

மாமா: புகையில் எனக்குப் பாட்டியையே தெரியவில்லை, பூச்சியை எங்கே பார்க்கிறது?

நான்: பூச்சி கிடையாது மாமா. பல்லில் ஒட்டியிருக்கிற கிருமி சர்க்கரையைத் தின்று அமிலம் விடும், அது பல்லை அரிக்கும். பால்பல்லுக்கு எனாமல் மெல்லிசு, அதனால் சீக்கிரம் நரம்புக்குப் போய்விடும். இவளுக்குப் போய்விட்டது. போன தடவை டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். ராத்திரி இந்தப் பிள்ளைக்குப் பாட்டில் கொடுக்கிறது யார் என்று.

மாமா: இந்த மீன் தொட்டியில் அந்த மஞ்சள் மீன் செத்துவிட்டதா, தூங்குகிறதா?

நான்: மாமா.

மாமா: டின் பால் கொஞ்சம் கலக்கினேன். கொஞ்சம்தான். பிள்ளை தூங்க வேண்டாமா?

நான்: தூங்கும்போது எச்சில் சுரக்கிறது குறைந்துவிடும், வாயைக் கழுவிவிட ஆளில்லை, அந்த இனிப்பு விடியவிடிய பல்லில் குளித்துக்கொண்டிருக்கும். எவ்வளவு கொடுத்தோம் என்பதைவிட எத்தனை தடவை, எந்த நேரத்தில் கொடுத்தோம் என்பதுதான் கணக்காம். நீங்கள் மூன்று வருடம் கொடுத்திருக்கிறீர்கள்.

மாமா: (தாழ்ந்த குரலில்) இப்போது என்ன செய்யப் போகிறார்கள்?

நான்: மேலே இருக்கிற கெட்டுப்போன நரம்பை மட்டும் எடுத்துவிட்டு, வேருக்குள் நன்றாக இருப்பதை விட்டுவிட்டு, மருந்து வைத்து அடைப்பார்கள்.

மாமா: இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? டாப் ஓவர்ஹால்! இன்ஜினை இறக்கவில்லை, மேலே மட்டும் திறந்து வேலை. நான் என்னமோ என்று பயந்துவிட்டேன்.

நான்: அதற்கு மேலே ஸ்டீல் கேப். அது சைஸ் சைஸாகத் தயாராகவே டப்பாவில் இருக்கும், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பொருந்துவதை எடுத்து ஓரத்தை நெளித்து, சிமெண்ட் வைத்து அழுத்திவிடுவார்கள்.

மாமா: ஸ்பேனர் செட் மாதிரி. 10, 12, 14. எந்தக் கடையில் வாங்குகிறார்களாம்?

நான்: எனக்கு எப்படித் தெரியும்?

மாமா: பெண்பிள்ளை வாயில் இரும்பா? சிரித்தால் பளபள என்று இருக்காதா?

நான்: கடைவாய் மாமா. அவள் சிரித்தால் தெரியாது, கத்தினால்தான் தெரியும். பல் விழும்போது கேப்பும் சேர்ந்து விழுந்துவிடும்.

மாமா: விழுந்த பல்லைக் கூரைமேல் எறிய வேண்டுமே. நம்முடையது ஜிங்க் கூரை. டங்கென்று சத்தம் வந்து எதிர்வீட்டுக்காரன் எழுந்து வருவான். வரட்டும், வரட்டும்.

திரையில் 14. இதற்குள் மாமா முழு மனதோடு பல் மருத்துவத்துக்கு வந்துவிட்டார் என்று நினைத்து, நான் அடுத்ததையும் சொல்லிவைத்தேன். கீழே கடைசியில் புதுசாக இரண்டு கடைவாய்ப்பல் வந்திருக்கிறது, எந்தப் பல்லும் விழாமல் சத்தமில்லாமல் பின்னால் முளைப்பதால் நிறையப் பேர் அதையும் பால்பல் என்று நினைத்துக் கோட்டை விடுகிறார்கள், ஆனால் அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல், அதன் பள்ளங்களில் ஒரு பூச்சு பூசி அடைத்துவிட்டால் சாப்பாடு போய் ஒளிந்துகொள்ளாது என்றேன்.

மாமா: அண்டர்கோட்டிங். துரு பிடிப்பதற்கு முன்னால் அடிக்க வேண்டும், பிடித்த பிறகு அடித்துப் பிரயோஜனம் இல்லை. இதற்கு நான் காசு தருகிறேன்.

நான்: இன்னொன்று மாமா. ஊசி போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் உதடு மரத்துப்போயிருக்கும். பிள்ளைகள் தெரியாமல் மென்று புண்ணாக்கிக்கொள்வார்கள். அதுவரைக்கும் ஒன்றும் கடிக்கக் கொடுக்கக் கூடாது.

மாமா: (சட்டைப்பையிலிருந்து ஒரு லாலிபாப்பை எடுத்து, அதே வேகத்தில் திருப்பி உள்ளே வைக்கிறார்) யார் கொடுக்கப் போகிறார்கள்?

நான்: நீங்கள் பிள்ளையாக இருந்தபோது பல் டாக்டரிடம் போயிருக்கிறீர்களா?

மாமா: எங்கே போகிறது, பள்ளிக்கூடத்துக்கே வந்துவிடுவார்களே, வெள்ளை உடுப்புப் போட்ட பல் நர்ஸ் மிஸ்ஸிமார். பெயர் கூப்பிடும்போது நான் கழிவறை ஜன்னல் வழியாகக் குதித்திருக்கிறேன். இரண்டு தடவை.

நான்: அந்த மிஸ்ஸிமாருக்கு 1949-லேயே இங்கே பினாங்கில்தான் பயிற்சி ஆரம்பித்தார்கள், நியூசிலாந்து முறையைப் பார்த்து. பெருமையான விஷயம் மாமா.

மாமா: பெருமைதான். பழகிப் பார்க்க அவர்களுக்கு எவன் வாய் கிடைத்தது என்று யோசித்தாயா?

நான்: குதித்ததனால்தான் மேல்வரிசை முழுக்க இப்போது பல்செட்டு.

மாமா: அது வேறு கதை.

திரையில் 16.

நான்: மாமா, கோபப்படாதீர்கள். போன தடவை அவள் வாயே திறக்கவில்லை. டாக்டர் பொம்மைக்குப் பல் எண்ணிக் காட்டினார், கண்ணாடியைக் கையில் கொடுத்தார், எல்லாம் செய்தார். கடைசியில் மகாராணி ஒரு கண்டிஷன் போட்டுவிட்டு வந்தாள்.

மாமா: என்னவாம்?

நான்: முதலில் தாத்தா அந்த நாற்காலியில் படுத்து வாயைத் திறக்க வேண்டுமாம். அப்புறம்தான் அவள்.

மாமா: பார்க்கிங் நேரம் முடிந்திருக்கும். நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நான்: போனிலேயே ஆறு மணி வரைக்கும் போட்டாச்சு.

மாமா: ஆறு மணி வரைக்குமா? எத்தனை வெள்ளி தண்டம்!

நான்: மாமா, ஒன்றும் செய்ய மாட்டார்கள். பல்லை எண்ணுவது மாதிரி சும்மா நடிப்பார்கள்.

மாமா எழுந்தார். பாப்பாவைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கைக்குட்டையை விரித்து ஏதோ செய்துவிட்டு, ஈரமான ஒரு பொட்டலத்தை என் உள்ளங்கையில் வைத்தார். திரையில் 17 விழுந்தது.

மாமா: இழை முழல்லே எண்ணழ் ழொல்லும்மா. நான் காழிலே இழுக்கேன்.