ஆப்பிள் தோற்கவில்லை, சமரசம் செய்துகொண்டது

"2019-ல் குவால்காமிடம் ஆப்பிள் கோர்ட்டில் தோற்று அபராதம் கட்டியது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. 2017 ஜனவரியில், போன் சிப் தயாரிக்கும் நிறுவனமான குவால்காம் மீது வழக்குப் போட்டதே ஆப்பிள்தான். 2019 ஏப்ரல் 16 அன்று சான் டியேகோ நீதிமன்றத்தில் தொடக்க வாதம் நடந்துகொண்டிருக்கும்போதே இரு தரப்பும் சமரசம் ஆகிவிட்டதாக அறிவித்தன. அந்த வழக்கில் தீர்ப்பே வரவில்லை. ஆப்பிள் பணம் கொடுத்தது உண்மைதான், ஆனால் அது சமரசத்தின் ஒரு பகுதி. கூடவே ஆறு வருட உரிம ஒப்பந்தமும் சிப் சப்ளை ஒப்பந்தமும் கையெழுத்தாயின.

அதற்கு முந்தைய மாதம் அதே ஊரில் ஒரு ஜூரி, குவால்காமின் மூன்று காப்புரிமைகளை மீறியதற்காக ஆப்பிள் 3.1 கோடி டாலர் தர வேண்டும் என்றது. அது வேறு வழக்கு. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்வதுதான் பலர் செய்யும் தவறு.

சண்டையின் மையத்தையும் பாருங்கள். குவால்காம் தன் சிப்பை விற்கும். காப்புரிமைக்குத் தனியாக ராயல்டியும் கேட்கும், அதுவும் முழு போனின் விலையை வைத்து. திரை, கேமரா, மெமரி எல்லாம் எங்கள் உழைப்பு, போனை நெட்வொர்க்குடன் இணைக்கும் சிப்பான மோடத்துக்கு மட்டும் கணக்குப் போடுங்கள் என்றது ஆப்பிள். இந்த வாதத்தில் எனக்கு நியாயம் தெரிகிறது. ஆனால் சமரசம் வந்த அதே நாளில் இன்டெல், 5ஜி போன் மோடம் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. ஐபோனுக்கு அப்போது மோடம் கொடுத்துவந்தது இன்டெல்தான். ஆப்பிளின் நெருக்கடி எவ்வளவு என்பதை அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.